வெள்ளை எனாமல் அடித்த கதவு மூன்றே வருஷத்தில் மஞ்சள்: அடுத்து எதை அடிக்கலாம்?

கல்லிடை மாப்பிள்ளை | ஆகஸ்ட் 6, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் மாமனார் வீடு. அக்ரகாரத்து வீடு என்பதால் ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்வாசலையும் நடு முற்றத்தையும் விட்டால் வெளிச்சம் வர வழி கிடையாது. ரேழியில் பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட்டைப் போட்டுத்தான் செருப்பைத் தேட வேண்டும். அதனால்தான் மூன்று வருஷம் முன்னால், மைத்துனி கல்யாணத்துக்கு வீட்டைச் சரி பண்ணியபோது உள் கதவு, நிலை, ஜன்னல், சுவர் அலமாரி எல்லாவற்றுக்கும் பளபளவென்று வெள்ளை எனாமல் அடித்தோம். வீடே ஒரு சுற்றுப் பெரிதானது போல இருந்தது.

இப்போது அந்த வெள்ளை போன இடம் தெரியவில்லை. முற்றத்தைப் பார்த்த ஜன்னல் கதவு மட்டும் ஓரளவு வெள்ளையாக நிற்கிறது. இரண்டாம் கட்டுக் கதவு பழைய தந்தம் மாதிரி. அலமாரியைத் திறந்தால் உள்பக்கம் நெய் தடவியது போல மஞ்சள். எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பூஜை அறைக் கதவில் மாதக் காலண்டர் மாட்டியிருந்தது. போன வாரம் அதை எடுத்தால், பின்னால் காலண்டர் அளவுக்கே ஒரு நீள்சதுரம், சுற்றி இருப்பதைவிட நல்ல மஞ்சள். மூடி இருந்த இடம் அல்லவா வெள்ளையாக இருக்க வேண்டும்?

கடைக்காரர், "போன தடவை சாதா எடுத்தீங்க, இந்தத் தடவை உயர்ந்ததா எடுங்க" என்கிறார். பெயிண்டர், "ஒரு சொட்டு நீலம் கலந்து அடிச்சா சரியாப் போகும்" என்கிறார். கொலு வைக்கிற வீடு, நவராத்திரிக்குள் முடித்தாக வேண்டும். மஞ்சளாகாத வெள்ளை என்று ஒன்று உண்டா, இல்லை எல்லாமே இப்படித்தானா?

பாளை பாண்டி | ஆகஸ்ட் 6, இரவு 10.05

பூஜை அறை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். விளக்குப் புகை, சாம்பிராணி, சமையல் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள், வெள்ளை வந்துவிடும். புது பெயிண்ட் எதற்கு?

கல்லிடை மாப்பிள்ளை | ஆகஸ்ட் 7, காலை 8.20

துடைத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. பாத்திரம் விளக்குகிற சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பனியன் துணி. துணியில் அழுக்கு வந்தது. கதவின் மஞ்சள் அப்படியே இருக்கிறது. காலண்டர் சதுரத்தில் துணிகூட அழுக்காகவில்லை, சுத்தமான மஞ்சள்.

வண்ணாரப்பேட்டை வாத்தியார் | ஆகஸ்ட் 7, மாலை 6.50

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் காலண்டர் சதுரத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் சாதாரணமாக எனாமல் என்று வாங்குவது எண்ணெய்ப் பெயிண்ட். ஆல்கைட் என்ற பிசினைக் காய்கிற எண்ணெயோடு சேர்த்துச் சமைத்துச் செய்வது. ஆளி விதை எண்ணெய், சோயா எண்ணெய் இவைதான் அதிகம். தண்ணீர் வற்றுவது போல இது வற்றிக் காய்வதில்லை. தின்னர் ஆவியான பிறகு, எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்து ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிறது. அந்த வேலை முதல் வாரத்தோடு நின்றுவிடாது, வருஷக்கணக்கில் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். அப்போது துணைக்கு உண்டாகிற சில சேர்மங்கள்தான் மஞ்சள். ஆளி விதை எண்ணெயில் லினோலெனிக் அமிலம் பாதிக்கு மேல் இருப்பதால் அது நன்றாக மஞ்சளாகும். சோயாவில் அது நூற்றுக்கு ஏழு எட்டு பங்குதான், அதனால் மஞ்சள் குறைவு. குறைவுதான், இல்லாமல் போகாது. உங்கள் கடைக்காரர் சொல்கிற சாதாவுக்கும் உயர்ந்ததுக்கும் இந்த விஷயத்தில் உள்ள தூரம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இப்போது காலண்டர். அந்த மஞ்சள் சேர்மங்களைப் பகல் வெளிச்சம் சிதைத்து வெளுக்கவைக்கும். வெளிச்சம் படுகிற இடத்தில் மஞ்சள் உண்டாக உண்டாக அழிந்துகொண்டே இருக்கிறது. இருட்டில் அழிக்க ஆளில்லை, சேர்ந்துகொண்டே போகிறது. முற்றத்து ஜன்னல் வெள்ளையாக இருப்பதும், அலமாரி உள்பக்கம் நெய்யாக இருப்பதும், காலண்டருக்குப் பின்னால் சதுரம் விழுந்ததும் ஒரே காரணத்தால்தான். துணி வெயிலில் வெளுக்கிறது, நிழலில் நிறம் நிற்கிறது. இங்கேயும் அதே கணக்குதான், நிற்கிற நிறம் மஞ்சளாகிப் போனதுதான் நம் கஷ்டம்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை செய்யுங்கள். அலமாரியில் கழற்றி எடுக்க முடிகிற பலகை இருந்தால், பாதியைக் கறுப்புத் துணியால் மூடி முற்றத்தில் ஒரு வாரம் வையுங்கள்.

வெள்ளை நிறமியின் மேல் பழி போட வேண்டாம். அது டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிற இல்மனைட்தான் அதற்கு மூலப்பொருள். அது பாட்டுக்கு வெள்ளையாகவே இருக்கும். அதைப் பிடித்து வைத்திருக்கிற எண்ணெய்தான் மஞ்சளாகிறது.

தச்சநல்லூர் பிரஷ் | ஆகஸ்ட் 7, இரவு 9.15

வாத்தியார் ஐயா சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் 28 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எண்ணெய் எனாமல் தருகிற பளபளப்பை வேறு எதுவும் தராது. முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம்.

நீலம் கலப்பது எங்கள் எல்லாரிடமும் உள்ள பழக்கம்தான். சுண்ணாம்பில் நீலம் போட்ட கை அல்லவா. லிட்டருக்கு ஒன்றிரண்டு சொட்டு, குச்சியால் நன்றாகக் கலக்கி, பலகையில் இழுத்துப் பார்த்துத்தான் அடிப்பேன். கூடிப் போனால் சாம்பல் அடித்துவிடும்.

தின்னருக்குப் பதில் தண்ணீர் ஊற்றி இளக்குகிற தண்ணீர் எனாமல் என்று ஒன்று வருகிறது, அதை நான் தொடுவதில்லை. பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் ஐப்பசி மழையில் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் வேகத்தோடு இழுத்தார், வாழைப்பட்டை உரிகிற மாதிரி பெயிண்ட் நீளமாக உரிந்து நிலையோடு நின்றுவிட்டது. கூலியும் போச்சு, பேரும் போச்சு.

கல்லிடை மாப்பிள்ளை | ஆகஸ்ட் 7, இரவு 9.50

அண்ணாச்சி, அப்படியானால் நீலம் கலந்தால் மஞ்சள் வராதா?

வண்ணாரப்பேட்டை வாத்தியார் | ஆகஸ்ட் 8, காலை 6.30

வரும். நீலம் மஞ்சளைத் தடுப்பதில்லை, கண்ணுக்கு மறைக்கிறது. மூன்று மாதம் தள்ளிப்போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் லேசாகப் பச்சை தட்டும்.

தச்சநல்லூர் பிரஷ் | ஆகஸ்ட் 8, காலை 7.10

பச்சை தட்டுவது உண்மைதான். இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன்.

தாமிரபரணி டு லெஸ்டர் | ஆகஸ்ட் 8, பிற்பகல் 3.25

சொந்த ஊர் வீரவநல்லூர், பதினாறு வருஷமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இந்த ஊர்க்காரர்களுக்கும் இதே புலம்பல்தான். இங்கே வீட்டுக்குள் கதவு, நிலை, மாடிப்படிக் கைப்பிடி, சுவரின் அடியில் ஓடுகிற மரப்பட்டை எல்லாவற்றுக்கும் வெள்ளை கிளாஸ், அதாவது பளபளப்புப் பெயிண்ட், அடிப்பதுதான் வழக்கம். 2010 ஜனவரி 1 முதல், இங்கிலாந்தும் அப்போது சேர்ந்திருந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் பெயிண்டில் இருக்கும் ஆவியாகும் கரைப்பானுக்கான வரம்பை இறுக்கினார்கள். கம்பெனிகள் எண்ணெய்ப் பெயிண்டின் சேர்க்கையை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு அப்புறம், முன்பு வருஷக்கணக்கில் தாங்கிய வெள்ளை சில மாதங்களிலேயே மஞ்சளாகிறது என்று வீட்டுக்காரர்களும் பெயிண்டர்களும் சண்டைக்குப் போனார்கள்.

நான் வாங்கிய வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, ஜன்னல் கிடையாது. அதன் கதவை எண்ணெய் கிளாஸ் அடித்துக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே கஸ்டர்டு நிறம். சுரண்டிவிட்டுத் தண்ணீரில் கரைகிற, எண்ணெய் இல்லாத அக்ரிலிக் பெயிண்ட் அடித்தேன். ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் வெள்ளைதான். பளபளப்பு ஒரு படி குறைவு, பிரஷ் தடம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் கரைவதெல்லாம் அக்ரிலிக் இல்லை. எண்ணெய்ப் பிசினையே தண்ணீரில் கரையும்படி செய்து ஹைபிரிட் என்று விற்கிறார்கள். அது பழைய எண்ணெய்ப் பெயிண்ட் அளவுக்கு இல்லை, ஆனாலும் மஞ்சளாகும். டப்பாவில் அக்ரிலிக் என்று இருக்கிறதா பாருங்கள்.

செங்கோட்டை ஆசாரி | ஆகஸ்ட் 8, இரவு 8.00

எல்லாரும் பெயிண்டைப் பற்றியே பேசுகிறீர்களே, அடியில் என்ன மரம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை, உங்கள் நிலையும் கதவும் என்ன மரம்?

கல்லிடை மாப்பிள்ளை | ஆகஸ்ட் 8, இரவு 8.40

மாமாவிடம் கேட்டேன். ஜன்னல் தேக்கு. இரண்டாம் கட்டு நிலை வேங்கை. பூஜை அறை நிலையும் கதவும் பலா. கேரளத்தில் இருந்து வந்ததாம், அவர் தாத்தா காலத்தில்.

செங்கோட்டை ஆசாரி | ஆகஸ்ட் 8, இரவு 9.30

நினைத்தேன். பலாவும் வேங்கையும் சாயம் கக்குகிற மரங்கள். குற்றாலம் பக்கம் கடைகளில் சர்க்கரை நோய்க்கு என்று வேங்கை மர டம்ளர் விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தண்ணீர் நிறம் மாறி நிற்கும். சர்க்கரை குறைகிறதோ இல்லையோ, சாயம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். பலாவைக் கேட்கவே வேண்டாம், புத்த பிக்குகளின் துணிக்குச் சாயம் போட்டதே பலாக் கட்டையின் நடு வைரத்தைக் காய்ச்சித்தான்.

இப்போது தண்ணீர் பெயிண்டை நேராக அந்த மரத்தின் மேல் அடித்தால் என்ன ஆகும்? பெயிண்டில் இருக்கிற தண்ணீரே சாயத்தை இழுத்து மேலே கொண்டு வந்துவிடும். கடையத்தில் ஒரு வீட்டில் புதுப் பலாக் கதவுக்கு அவசரப்பட்டு அப்படி அடித்தார்கள். சாயந்திரம் கொக்கு மாதிரி இருந்தது. காலையில் பார்த்தால் கதவு முழுக்கத் திட்டுத் திட்டாக மஞ்சள், கணு இருந்த இடமெல்லாம் பழுப்பு. மறுபடி ஒரு கோட்டு அடித்தார்கள், மறுபடி வந்தது. மூன்றாவது கோட்டுக்கும் வந்தது. பெயிண்ட் மேல் பழி, கடைக்காரன் மேல் பழி. தப்பு எங்கள் மரத்துடையது.

அதனால் மஞ்சளில் ரெண்டு வகை. வாத்தியார் சொன்னது மேலிருந்து வருவது, மெதுவாக, ஒரே சீராக, இருட்டில். நான் சொல்வது அடியிலிருந்து வருவது, வேகமாக, திட்டாக, கணுவைச் சுற்றி. உங்களுடையது முதல் வகைதான், சந்தேகமில்லை. பழைய எனாமல் மரத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. ஆனால் சுரண்டும்போது மரம் தெரிகிற இடம் வரும் பாருங்கள், அங்கே மட்டும் அரக்கு வையுங்கள். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுக்க வேண்டும். அடியில் நிற்பது மெழுகு, அது இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. ரெண்டு கை, நடுவில் ஒரு மணி நேரம். சாயம் அதைத் தாண்டி வராது.

பாளை பாண்டி | ஆகஸ்ட் 8, இரவு 10.20

தேக்கு, வேங்கை, பலா எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வெள்ளைப் பெயிண்டா? சுரண்டிவிட்டு வார்னிஷ் அடியுங்கள் ஓய். காசைக் கொடுத்துப் பாவத்தைச் சேர்க்காதீர்.

கல்லிடை மாப்பிள்ளை | ஆகஸ்ட் 8, இரவு 10.45

பாவத்தை மாமாவின் அப்பா எப்போதோ சேர்த்துவிட்டார் அண்ணாச்சி. வெள்ளைக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் நீலம். மரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அதோடு அந்த ரேழியில் கறுத்த வார்னிஷ் கதவும் சேர்ந்தால் நாங்கள் டார்ச்சோடுதான் நடக்க வேண்டும்.

டவுன் அக்கா | ஆகஸ்ட் 9, காலை 11.10

ஆண்கள் எல்லாரும் பேசி முடித்தாயிற்றா? நானே கையால் அடித்ததைச் சொல்கிறேன். நெல்லை டவுனில் எங்கள் வீட்டு அடுக்களை அலமாரி, நாலு கதவு, தண்ணீர் எனாமல். இரண்டரை வருஷம் ஆகிறது, பருப்பு டப்பாவுக்குப் பின்னால் உள்ள மூலைகூட வெள்ளையாகவே இருக்கிறது.

முதலில் கடை. "எனாமல் குடுங்க" என்றால் எண்ணெய் எனாமலைத்தான் எடுத்து வைப்பார்கள். "வாட்டர் பேஸ்டு எனாமல்" என்று அழுத்திக் கேட்க வேண்டும். அப்போதும் நம்பாமல் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். எதை ஊற்றி இளக்கச் சொல்கிறார்கள் என்று போட்டிருக்கும். டர்பன்டைன் என்றால் எண்ணெய், தண்ணீர் என்றால் தண்ணீர். பெயரில் என்ன பகட்டு இருந்தாலும் அந்த ஒரு வரி பொய் சொல்லாது.

அப்புறம் வீட்டில் ஏற்கெனவே இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். கைக்குப் போடுகிற சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஒரு மூலையில் நன்றாகத் தேயுங்கள். பஞ்சில் வெள்ளை வந்து பிசுபிசுத்தால் தண்ணீர் பெயிண்ட். ஒன்றும் வராவிட்டால் எண்ணெய். எண்ணெய் எனாமல் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, அதன் மேல் நேராகத் தண்ணீர் எனாமல் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே தோலாக வந்துவிடும். சோப்புப் போட்டுப் பிசுக்கை எடுத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு செத்துப்போகிற வரை தேய்க்க வேண்டும். மொத்தமும் உரிக்க வேண்டியதில்லை, மினுக்கம் போனால் போதும்.

தச்சநல்லூர் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. பெருமாள்புரத்துக் கதவை அடித்த பிறகு எத்தனை நாள் திறந்து வைத்தார்கள்?

தச்சநல்லூர் பிரஷ் | ஆகஸ்ட் 9, மதியம் 1.30

நாளா? தொட்டால் காய்ந்துவிட்டது என்று அன்றைக்குச் சாயந்திரமே சாத்திவிட்டார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

டவுன் அக்கா | ஆகஸ்ட் 9, மதியம் 2.00

அதுதான் அண்ணாச்சி விஷயம். தண்ணீர் எனாமல் அரை மணி நேரத்தில் தொடக் காயும், ஆனால் உள்ளே இறுக ரெண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பெயிண்டும் பெயிண்டும் அழுந்தினால் ஒட்டிக்கொள்ளும், மழைக்காலத்தில் இன்னும் மோசம். நான் நாலு நாள் கதவுகளைத் திறந்தே போட்டேன். பூனை வந்து கடுகு டப்பாவைத் தள்ளியது தனிக் கதை. அப்புறம் கதவு நிலையில் உட்காருகிற விளிம்பில் பிள்ளைக்குப் போடுகிற பவுடரை விரலால் தடவிவிட்டேன். ஒட்டவே இல்லை.

பிரஷ் தடத்துக்குக் காரணம் நம் ஊர்ச் சூடு. காலையில் ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் நிறுத்திவிட வேண்டும், ஃபேன் போடக் கூடாது. பன்றி முடி பிரஷ் தண்ணீரைக் குடித்துத் தொங்கிப் போகும், நைலான் பிரஷ் வாங்குங்கள். ஒரு தடவை இழுத்த இடத்தில் திரும்பத் திரும்பப் போய்த் தடவக் கூடாது. எண்ணெய் எனாமல் தானே சமனாகிவிடும், இது காத்திருக்காது.

இதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஆடிக் காற்றில் எண்ணெய் எனாமல் அடித்துப் பாருங்கள், ராத்திரி வரை பிசுபிசுப்பாக இருந்து தெருப் புழுதி அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். இது தூசி வந்து உட்காருவதற்குள் காய்ந்துவிடும்.

சந்திப்பு பெயிண்ட் கடை | ஆகஸ்ட் 9, இரவு 9.30

கடையில் வேலை பார்ப்பவன். ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "பியு (பாலியூரித்தேன்) எனாமல் மஞ்சளாகாதா" என்று தினமும் ரெண்டு பேர் கேட்பார்கள். ஒரே டப்பாவில் வந்து, டர்பன்டைன் ஊற்றி அடிக்கிற பியு எனாமலுக்குள்ளும் இருப்பது எண்ணெய்தான். கெட்டியாக இருக்கும், கீறல் தாங்கும், ஆனால் இருட்டில் மஞ்சளாகும். ஹார்டனர் தனியாகக் கலந்து ஸ்ப்ரே அடிக்கிற ரெண்டு டப்பா பியு வேறு சாதி. அதிலும் அரோமேட்டிக் என்று ஒன்று, அது வெளிச்சத்தில் மஞ்சளாகும், எண்ணெய்க்கு நேர் எதிர். அலிபேட்டிக் மட்டும்தான் வெள்ளையாக நிற்கும். விலை ஏறும், ஹார்டனர் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள் வைத்து அடிக்கிற சமாசாரம் இல்லை. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் மஞ்சளாகும்.

தண்ணீர் எனாமலை நாங்கள் ஏன் முதலில் காட்டுவதில்லை என்றால், பத்துப் பெயிண்டரில் ஒன்பது பேர் கேட்பதில்லை. ஜேஎஸ்டபிள்யு அக்வாக்ளோ மாதிரி பெரிய கம்பெனிப் பெயரிலேயே இப்போது வருகிறது. கேட்டால் எடுத்துத் தருவோம்.

வண்ணாரப்பேட்டை வாத்தியார் | ஆகஸ்ட் 10, காலை 6.15

தம்பி, வெள்ளைக்கு அடியில் பச்சை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. அந்தக் காலத்துப் பச்சையிலும் மஞ்சளிலும் ஈயம் சேர்ப்பது சர்வ சாதாரணம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. மூன்று வருஷம் முன்னால் அடித்த வெள்ளைக்குப் பயமில்லை, அடியில் உள்ளதற்குத்தான். உப்புத்தாளை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற கறுப்புத் தாளை வாங்கி நனைத்துத் தேயுங்கள், மேல் வெள்ளையோடு நில்லுங்கள், பச்சை தெரிகிற அளவுக்குப் போகாதீர்கள். நெருப்புக் காட்டி உரிக்கிற வேலை கூடவே கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா?

கல்லிடை மாப்பிள்ளை | ஆகஸ்ட் 10, காலை 8.05

மூன்று வயதுப் பெண் இருக்கிறாள் சார். தேய்க்கிற வாரம் அம்பாசமுத்திரத்தில் என் அம்மாவிடம் விட்டுவிடுகிறோம். இன்னொன்று, சுவருக்கும் அதே வாரத்தில் எமல்ஷன் அடிக்கலாம் என்று இருக்கிறோம். ஜன்னல் எல்லாம் சாத்தி, தூசி வராமல்.

வண்ணாரப்பேட்டை வாத்தியார் | ஆகஸ்ட் 10, காலை 8.30

போன தடவையும் அப்படித்தான் செய்தீர்களோ? பல எமல்ஷன்களில் அம்மோனியா சேர்ப்பார்கள். அது காய்கையில் ஆவியாக வரும். பக்கத்தில் புது எண்ணெய் எனாமல் இருந்து, அறையும் சாத்தியிருந்தால் மஞ்சள் வேகமாக ஏறும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற தண்ணீரைக் கதவில் அடித்தாலும் இதே கதைதான். எதை அடித்தாலும் சுவரை முதலில் முடித்து, ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு, பிறகு மரத்துக்கு வாருங்கள்.

கல்லிடை மாப்பிள்ளை | ஆகஸ்ட் 10, காலை 8.45

கல்யாண அவசரத்தில் இரண்டையும் ஒரே வாரத்தில் அடித்து, பூட்டிவிட்டுச் சத்திரத்துக்குப் போய்விட்டோம் சார். நாலு நாள்.

கல்லிடை மாப்பிள்ளை | ஆகஸ்ட் 19, இரவு 9.00

அலமாரிப் பலகைச் சோதனை முடிந்தது. கறுப்புத் துணியைப் பாதிக்குக் கட்டி முற்றத்தில் ஒன்பது நாள் வைத்தேன். இன்று அவிழ்த்தால், துணிக்கு அடியில் நெய், வெளியே பால். நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்தது போல கோடு. என் மனைவி பார்த்துவிட்டு, "அப்போ எல்லாக் கதவையும் கழற்றி முற்றத்தில் போட்டுடலாமே, செலவு மிச்சம்" என்றாள். கழற்றிப் போட்டால் வெளுக்கும், மாட்டினால் திரும்ப மஞ்சளாகும், அதற்கு ஒரு ஆசாரியை மாதச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும்.

முடிவு: முற்றத்து ஜன்னலுக்கு எண்ணெய் எனாமல்தான், வெளிச்சம் அதைப் பார்த்துக்கொள்ளும். உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் தண்ணீர் எனாமல்.

தச்சநல்லூர் பிரஷ் | ஆகஸ்ட் 19, இரவு 9.40

பெயிண்டர் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், நானே வருகிறேன். நாலு நாள் கதவைச் சாத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

கல்லிடை மாப்பிள்ளை | ஏப்ரல் 21, இரவு 8.30

எட்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தச்சநல்லூர் அண்ணாச்சியே வந்து அடித்துக் கொடுத்தார். சுவர் முதலில், பத்து நாள் இடைவெளி, அப்புறம் மரம். பலா நிலையில் ஒரு கையகல இடத்தில் பழைய பெயிண்ட் மரம் தெரிகிற அளவுக்குப் பெயர்ந்து வந்தது. ஆசாரி அண்ணாச்சி சொன்னபடி அரக்கு வைத்தோம். அதற்குக் கீழே விரல்நுனி அளவு ஒரு இடம் விட்டுப்போயிருந்தது, அங்கே மட்டும் மறுநாள் மஞ்சள் பொட்டு. அதற்கும் அரக்கு வைத்து மேலே அடித்ததும் நின்றுவிட்டது.

கொலுவுக்கு வந்தவர்கள் எல்லாரும் வீடு வெளிச்சமாக இருக்கிறது என்றார்கள். பளபளப்பு முன்னைவிடக் கம்மி என்று மாமா மட்டும் சொன்னார். கார்த்திகை மழையில் ஒரு நாள் இரண்டாம் கட்டுக் கதவு லேசாக ஒட்டியது, பவுடர் தடவியதும் சரி.

இன்று வரை அலமாரி உள்பக்கம் வெள்ளை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்னப் பலகையில் பாதி எண்ணெய், பாதி தண்ணீர் அடித்து அலமாரியின் அடித்தட்டில் போட்டு வைத்திருந்தேன். எண்ணெய்ப் பாதி இப்போதே மோர் நிறத்துக்கு வந்துவிட்டது.

தச்சநல்லூர் பிரஷ் | ஏப்ரல் 21, இரவு 9.05

பலகை இருக்கட்டும். காலண்டரைத் திரும்ப அதே கதவில் மாட்டினீர்களே, அதை எடுத்துப் பார்த்தீர்களா?

கல்லிடை மாப்பிள்ளை | ஏப்ரல் 21, இரவு 9.20

இப்போதுதான் எழுந்து போய் எடுத்துப் பார்த்தேன். சதுரம் இல்லை. பின்னால் சுத்தமான வெள்ளை. ஆனால் காலண்டர் ஆணியைச் சுற்றி மிளகு அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம், அதிலிருந்து கீழே ஒரு விரல் நீளத்துக்குக் கோடு.

செங்கோட்டை ஆசாரி | ஏப்ரல் 21, இரவு 9.45

அது துரு. இரும்பு ஆணியின் மேல் தண்ணீர் பெயிண்ட் பட்டால் அப்படித்தான். ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பித்தளை ஆணி அடியுங்கள். மற்ற ஆணித் தலைகளையும் ஒருமுறை பாருங்கள், தெரிந்தால் சுரண்டி மெட்டல் பிரைமர் ஒரு தொடு தொட்டு மேலே அடிக்கணும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், பலாவைப் பற்றிப் பேசியதில் மறந்துவிட்டேன்.